பொருள் எண் ஒன்பது

நீடாமங்கலம் கேட் மூடியிருந்தது.
அரிசி ஏற்றிய சரக்கு ரயில்,
நாற்பத்திரண்டு பெட்டி.
எண்ணாமல் வேறென்ன செய்ய.
கல்விக்குழுக் கூட்டம் பத்தரைக்கு.

பதினொன்றுக்கு உள்ளே போனபோது
பொருள் எண் மூன்று ஓடிக்கொண்டிருந்தது.
நீள மேசையின் கோடியில் ஒரு நாற்காலி,
முன்னால் ஓர் அட்டை: மாணவர் பிரதிநிதி.
பெயர் கிடையாது.
வருடா வருடம் அச்சடிக்க நிதி இல்லையாம்.
அட்டையின் பின்பக்கம்
பால்பாயிண்டில் ஒரு கொக்கு.
போன வருடத்துச் செங்கொடி வரைந்திருக்கலாம்.
மூன்று கூட்டமும்
அவள் ஒற்றைக்காலில் நின்றதாகத்தான் கேள்வி.

மேசைக்கும் தலைமடை கடைமடை உண்டு.
துணைவேந்தர் பக்கம் திறந்த பேச்சு
புலத்தலைவர்களிடம் பாய்ந்து
துறைத்தலைவர்களிடம் தேங்கி
என்னிடம் வரும்போது வெறும் ஈரம்.
சமோசாவும் அப்படித்தான்.
தட்டு வந்தது. சாஸ் வந்தது.

பொருள் எண் ஒன்பது: வருகைப்பதிவு.
எழுபத்தைந்துக்குக் குறைந்தால்
இனி அபராதம் கட்டியும் தேர்வெழுத முடியாது.
'எல்லோருக்கும் சம்மதம்தானே'
அவர் கேட்கவில்லை, சொன்னார்.
தாள்கள் பத்துக்குப் புரண்டன.

எழுந்தேன்.
உட்கார்ந்தே பேசலாம் என்றார்கள்.
உட்கார்ந்தால் தண்ணீர் பாட்டில்கள்தான் தெரியும்.

எழுதி வந்த தாளில்
மாண்புமிகு நான்கு இடத்தில் இருந்தது.
அதை விட்டுவிட்டு
வேதியியல் இரண்டாம் ஆண்டு
தையல்நாயகியைப் பற்றிச் சொன்னேன்.

தை மாதம் பதினோரு ராத்திரி
கொள்முதல் நிலைய வாசலில்
குவித்த நெல்லுக்குப் பக்கத்தில்
தார்ப்பாயில் படுத்தாள்.
அப்பாவுக்குக் கால் உடைந்திருந்தது.
பனி இறங்கினால் ஈரப்பதம் ஏறும்,
பதினேழைத் தாண்டினால் மூட்டை திரும்பும்.
நெல்லுக்குப் பதினேழு,
எங்களுக்கு எழுபத்தைந்து.
அவள் வருகை
எழுபத்து மூன்று புள்ளி எட்டு.
சாக்கின் மேல் வைத்து அவள் எழுதிய
ஆய்வகக் குறிப்பேட்டில் உமி ஒட்டியிருக்கிறது,
வேண்டுமானால் கொண்டுவருகிறேன்.

இயற்பியல் கோதண்டபாணி
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
உணர்ச்சிவசப்படாமல் என்றது ஒரு குரல்.
நான் சதவீதத்தைத்தான் சொல்லியிருந்தேன்.
விதி என்றால் விதி என்றார் தேர்வு அலுவலர்.
அவரைக் குறைசொல்லவும் முடியவில்லை,
வருடத்துக்கு நானூறு
பொய் மருத்துவச் சான்றிதழ் வருகிறதாம்.

நான் சிறப்பு அழைப்பாளர்.
வாய் திறக்கலாம், கை தூக்கக் கூடாது.
பதினெட்டுக் கை உயர்ந்தது.
தாவரவியல் ஹில்டா மேடத்தின் கை மட்டும்
விழாத பேனாவை
மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்தது.

குறிப்பெழுதும் பவளக்கொடி அக்கா படித்தார்:
'ஏகமனதாக ஏற்கப்பட்டது.
மாணவர் பிரதிநிதியும் கலந்துகொண்டார்.'

ஏகமனதாக இல்லை என்றேன்.
உங்களுக்குத்தான் வாக்கு இல்லையே.
வாக்கு இல்லை, மனம் இருக்கிறது.

கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.
அப்புறம் ஹில்டா மேடம்,
'அந்தச் சொல்லை எடுத்துவிடலாம் சார்,
எனக்கும் முழுச் சம்மதமில்லை.'
துணைவேந்தர் கடிகாரம் பார்த்தார்.
சாப்பாட்டு நேரம்.
எடுத்துவிடுங்கள்.

ஆறு எழுத்து.
பவளக்கொடி அக்கா
ஒவ்வொன்றாகத்தான் அழித்தார்.

எல்லோரும் எழுந்து போனபின்
அட்டையைத் திருப்பி
கொக்கின் அலகில் ஒரு மீன் வரைந்தேன்.
விரால் இல்லை. அயிரை.

தையல்நாயகி அந்தப் பருவம் தேர்வெழுதவில்லை.
இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.
விவரம் சொன்னபோது
ஒரு வார்த்தைக்காகவா அரைநாள் போனாய் என்றாள்.
சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.
பிறகு கேட்டாள்,
அன்றைக்கு உனக்கு
வருகை போட்டார்களா?

போடவில்லை.